வடக்கு மேட்டில் நான் தூர் வாரிய ஊற்று

1

நேற்றுக் காலை என் நிலத்தில் பதினோரு பேர் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். எல்லாரும் காலேஜில் படிக்கிற பிள்ளைகள். ஆளுக்கொரு சின்னப் பூதக்கண்ணாடி கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது. முழங்கை வரை ஈரம். தரையில் இருக்கிற பாசியைக் கண்ணோடு ஒட்ட வைத்துப் பார்ப்பதும், ஏதோ பேர் சொல்வதும், நோட்டில் எழுதுவதுமாக இருந்தார்கள். கூட்டி வந்தவள் என் மகள் சுமதி. அவளும் அவர்களோடு படிக்கிறவள்தான்.

அவர்களுடைய வாத்தியாரம்மா எழுந்து முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாதிரி இடம் இந்தப் பக்கத்தில் ரொம்பக் கொஞ்சம். யார் இதை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான்" என்றேன். சுமதி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க இத வெட்டுன கதைய மட்டும் சொல்லிப் போடாதீங்க."

அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வயிற்றில் நிற்கவில்லை. எருமப்பட்டி ஜனங்களாகிய உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? தண்ணீர் விஷயத்தில் நல்லுசாமி தப்பே செய்யமாட்டான் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்காக ஒரு வார்த்தை. நான் மூன்றாம் கிளாஸ் தாண்டாதவன். வெடிக்குழி போடும் மெஷினைத் தோளில் தாங்கிக் கிணற்றுக்குள் இறங்கியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. எருமப்பட்டியிலிருந்து சேந்தமங்கலம் வரை நான் இறங்காத கிணறு கொஞ்சம். பாறையைச் சுத்தியால் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்வேன். படித்த இஞ்சினியர்கள் கருவியை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். நான் தட்டிவிட்டுப் பீடி பற்றவைப்பேன்.

வறட்சிக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போர்வெல் போடும் வண்டியோடு நம் பக்கம் வந்தார்கள். அதில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வண்டியோடு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவருக்கு என் காதின் மேல் அபார நம்பிக்கை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்தான் எனக்குக் காகிதம் எல்லாம் எழுதிப்போட்டு, இங்கிலாந்தின் வடக்கே ஒரு போர்வெல் கம்பெனிக்கு வரவழைத்தார். வீட்டுக்காரி பாவாயியும் நாலு வயதுச் சுமதியும் என்னோடு விமானம் ஏறினார்கள்.

இங்கே நல்லுசாமி என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. 'மிஸ்டர் சாமி' ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் பெரியவர் சின்னவர் எல்லாரையும் சாமி என்றுதானே கூப்பிடுகிறோம்? அதனால் வந்த முதல் நாளே இது பழகின ஊர் மாதிரி இருந்தது.

ஏழெட்டு வருஷம் உழைத்து, மரமே இல்லாத ஒரு மலைமேட்டில் கல் வீடும் ஆறு ஏக்கரும் வாங்கினேன். விற்றவர், "மேலே இருக்கிற அந்தச் சதுப்பு ஒன்றுக்கும் ஆகாது" என்றார். நான் அதற்காகத்தான் வாங்கினேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

3

அந்த இடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறினால், நம் ஊரில் கடலை காயப்போடும் களம் இரண்டு சேர்ந்த அகலத்துக்கு ஒரு ஈரத்தரை. இதற்கு இங்கிலீஷில் ஃபென் என்று பேர். ஒரு ஓடை பிறக்கும் இடம் அது. பிறக்கும் என்றால் பீறிட்டு எழும் என்று நினைக்காதீர்கள். தரை முழுவதும் லேசாக வியர்க்கும். வியர்வை நாலு பக்கமிருந்தும் கூடி, கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டமாகும். அவ்வளவுதான். குனிந்து காது கொடுத்தால், தூங்குகிற குழந்தை எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்கும்.

மேலே நடந்தால் தரை அசையும். கட்டிலில் நடப்பது மாதிரி இருக்கும். கோரை உண்டு, தண்டை விரலில் உருட்டினால் நம் ஊர்க் கோரை போலவே முப்பட்டை. கோடை தொடங்கும்போது ஒரு புல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு வெடிக்கும். பருத்திக்காட்டைக் காற்றில் பார்த்தவன் எவனும் அதைத் தாண்டிப் போகமாட்டான். நான் பஞ்சுப்புல் என்று பேர் வைத்தேன். மூக்குத்திக் கல் மாதிரி ஒரு ரோஸ் பூ. தரையோடு தரையாகச் சிவப்பாக ஒரு பூண்டு. அதன் இலைமுடி ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி. கொசு உட்கார்ந்தால் போச்சு, அதைத் தின்றுவிடும். அதற்கு நான் வைத்த பேர் ஒட்டுப்பூண்டு. சுமதி ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பேர், அதற்கு மேல் படித்தவர்கள் வைக்கிற ஒரு பேர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள் வராமல் நேரே அங்கே போய்விடுவாள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசியின் வேர்ப்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் நம் எருமப்பட்டிக் கிணற்றுத் தண்ணீர் போலவே வெள்ளை கட்டும். பாவாயி அதைச் சுரண்டிக்கொண்டே, "இத்தனை தூரம் வந்தும் இது நம்மள உடலயேங்க" என்பாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இங்கே மேட்டில் எங்கேயும் பனி உறைந்து கல்லாகும் நாளில்கூட அந்த ஊற்று மட்டும் உறையாது. ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மார்கழி விடியலில் நம் கிணறு ஆவி விடுமே, அதே ஆவி. முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் மரத்துப்போன பிறகுதான் இது வேறு நாடு என்று நினைவு வந்தது.

4

இப்படிப்பட்ட ஊற்று இருக்கிறவன் என்ன செய்வான்? நம் ஊரில் கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். சித்திரை பிறந்தால் கிணற்றைத் தூர் வாருவோம். சேற்றை அள்ளி, ஊற்றுக்கண்ணைக் கையால் துடைத்துவிட்டால் தண்ணீர் துள்ளிக்கொண்டு வரும். அள்ளின சேறு காட்டுக்கு எரு. இந்த வெள்ளைக்காரர்கள் எத்தனை தலைமுறையாகத் தூர் வாராமல் போட்டிருக்கிறார்கள், பாவம், தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

ஒரு மே மாதம், மழை கொஞ்சம் பின்வாங்கிய வருஷம், மண்வெட்டியோடு ஏறினேன். மண்ணைப் பற்றி நான் பேசலாம், அது என் தொழில். மேலே உயிருள்ள பாசி. அதன் கீழே தேங்காய் மட்டையை ஊறப்போட்டால் வருமே, அப்படி நார்நாராகப் பழுப்பு. அதற்கும் கீழே கறுப்பு. வெண்ணெய் மாதிரி மண்வெட்டியில் வழுக்கியது. கல் இல்லை, மணல் இல்லை. என் இடுப்பு ஆழம் வரை அதேதான். இங்கே அதைப் பீட் என்கிறார்கள். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டியான களிமண். களிமண்ணைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. நம் பக்கம் கெட்டியான சுக்கான்கல் அடுக்கை உடைத்தால்தானே அடியில் ஊற்று? கடப்பாரையை ஓங்கிக் களிமண்ணை உடைத்தேன். அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல், வெடிப்பு வெடிப்பாக.

குழி நிரம்பியது. அதிலிருந்து வீட்டுத் தோட்டம் வரை ஒரு வாய்க்காலும் வெட்டினேன். தண்ணீர் ஓடி வந்தது. அள்ளின கறுப்பு மண்ணை உருளைக்கிழங்குப் பாத்தியில் விரித்தேன். அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டேன், உங்களில் சிலர் படித்திருப்பீர்கள், 'வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாத ஊற்றை நான் திறந்துவிட்டேன்' என்று.

சுமதி பள்ளிக்கூடம் விட்டு வந்து மேலே போனாள். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அன்றையிலிருந்து என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் தமிழ், எனக்கு இங்கிலீஷ். அதுவும் வேண்டுமென்றே வேகமான இங்கிலீஷ்.

5

குழித் தண்ணீர் மூன்றாவது வாரம் இறங்கத் தொடங்கியது. சேர்கிறது, வற்றுகிறது, அப்புறம் சேரவும் இல்லை. எனக்குப் புரிய நாளானது. தண்ணீர் கீழேயிருந்து வரும் என்று நினைத்துக் களிமண்ணை உடைத்தேன். அந்தத் தண்ணீர் மேட்டுப் பக்கமிருந்து களிமண்ணின் மேலே படர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் போட்ட ஓட்டை வழியாக அது கீழே சுண்ணாம்புக்கல் வெடிப்பில் இறங்கி, யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. மிச்சத்தை என் வாய்க்கால் குடித்துவிட்டது.

பாசி வைக்கோல் நிறமானது. தரை அசைவதை நிறுத்திக் கீழே அமுங்கியது. பாத்தியில் விரித்த கறுப்பு மண் காய்ந்து மூக்குப்பொடி மாதிரி பறந்தது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஒரு முறை காய்ந்துவிட்டால் அது மறுபடி தண்ணீர் குடிக்காது. அப்படி ஒரு மண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

சரிவின் அடியில் ஆல்பர்ட் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். பத்து மாடு, நூறு ஆடு. அந்த ஓடைதான் அவருடைய கல்தொட்டியில் விழும். அவர் அப்பா காலத்துத் தொட்டி. அவர் பேச்சும் நம் பேச்சு மாதிரிதான், பாதி எழுத்தை விழுங்கிவிடும். லண்டன்காரனுக்கே புரியாது. அதனால் அவர் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார். கையில் தகர வாளி.

"சாமி, தொட்டி காஞ்சு போச்சுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து காஞ்சதில்லீங்க. மாட்டுக்கு ஊட்டுக் கொழாயில புடிச்சு டிராக்டர்ல கொண்டு போறேன். மேல ஏதாச்சும் அடைச்சிருக்குதா, பாக்கறீங்களா?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அப்போது ஒன்று நினைவு வந்தது. ஊரில் எங்கள் கிணற்றின் அடியில் கிழக்குப் பார்த்து நான் ஒரு சைடு போர், படுக்கைவாட்டில் நீளத் துளை, போட்டேன். நாலாம் நாள் கை கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. கிழக்குக்காட்டுப் பங்காளி, நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுகிறவர், வந்து ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தண்ணி நல்லாருக்குது தம்பி. எங்க கெணத்துத் தண்ணியாட்டவே இருக்குது."

நான் சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மறு வருஷம் கிணறு வற்றி அவர் எருதுகளை விற்றுவிட்டு ஜேடர்பாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் குத்தகைக்குப் போய்விட்டார். அந்தத் துளையை ஒரு மரக்கட்டை அடித்து மூடியிருக்கலாம். அரை மணி நேர வேலை. எனக்குத் தோன்றவே இல்லை.

ஆல்பர்ட் கேட்ட மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "அடைக்கலீங்க. நான்தான் தொறந்துட்டேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்கு நாலு வார்த்தைதான்.  அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, பாக்கலாம்" என்றார். 

6

இதற்கு நடுவில் தண்ணீர் இலாகா ஆபீஸ். ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் எடுக்க ஆரம்பத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். தண்ணீரே இல்லாமல் போன பிறகு அதற்குப் பதில் வந்தது. ஆறு பக்கம். பார்வையிட ஆள் வருவார் என்று இருந்தது. வந்தது ஒரு சின்ன வயது அம்மா, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு நீளக் கம்பியை இங்கே அங்கே குத்தி ஆழம் பார்த்தார்.

"இதில் ஒரு சாண் சேர எத்தனையோ தலைமுறை ஆகும், மிஸ்டர் சாமி. இது உங்கள் ஊற்றை அடைத்த சேறு இல்லை. உங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததே இதுதான்."

சுமதி எனக்கு மொழிபெயர்க்க வேண்டியவள். அவள் ஒரு வார்த்தைகூட மாற்றாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் தன் அம்மாவிடம் தமிழில் சொன்னாள். பாவாயி என்னிடம் சொன்னாள். இப்படி மூன்று பேர் கடந்து வந்தும் அது என்னைக் குத்தியது.

ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கலாமா என்று கேட்டேன். கூடாது, களிமண்ணால்தான் மூட வேண்டும், ஆனால் இங்கே அந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. தெரிந்தவர் இல்லையா? ஜேடர்பாளையத்து ராஜவாய்க்காலில் கரை உடைந்தால் யார் போய் மூடுவார்கள்? இளவட்டத்தில் ஒரு போகம் முழுக்க அந்த வேலை பார்த்தவன் நான். களிமண்ணை ஊறவைத்து, கணுக்கால் உயரம் கொட்டி, தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று மிதிப்போம். கால் வழுக்குகிற வரை மிதித்த பிறகு அடுத்த அடுக்கு. மிதித்த களி தண்ணீரை விடாது.

செப்டம்பரில் ஆரம்பித்தோம். களிமண் ஆல்பர்ட்டின் கீழ் வயலிலிருந்து, அவர் டிராக்டரில் வந்தது. குழிக்குள் நான், பாவாயி, ஆல்பர்ட். பாவாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஆல்பர்ட் பூட்ஸோடு இறங்கப் பார்த்தார், விடவில்லை. எழுபது வயது வெள்ளைக் கால் இரண்டும் முதல் முறையாக வெயிலைப் பார்த்தன.

"ஏனுங்க, இவரு காலு கோழிக்காலாட்ட இருக்குதுங்க" என்றாள் பாவாயி.

"என்ன சொல்றாங்க?" என்று ஆல்பர்ட் கேட்டார்.

"கால் பலமா இருக்குதுன்னு சொல்றாங்க" என்றேன்.

மிதிக்கும்போது பேச்சு வேண்டுமே. நம் வழக்கத்தையெல்லாம் அவரிடம் அளந்தேன். கிணற்றில் ஊற்றைக் கண்டால் கிணற்றுக்குச் சொந்தமான காட்டுக்காரர் முதல் குடம் தண்ணீரை வெட்டினவன் தலையில் ஊற்றுவார். என் தலையில் விழுந்த குடங்களை எண்ணி முடியாது. சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரே மாதத்தில் ஆறு குடம் வாங்கினேன் என்றேன். ஆல்பர்ட் தலையை ஆட்டிக்கொண்டே மிதித்தார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

நாலாவது அடுக்கில் சுமதி வந்து குழி ஓரத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். மிதித்தபடியே சொன்னாள்.

"அப்பா, இந்த மூலைல இன்னும் கசியுது."

நாலு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய தமிழ். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று அந்த மூலையை மிதித்தேன்.

களியின் மேல் ஓரங்களிலிருந்து வெட்டிய ஈரப் பீட்டை வைத்து மூடினோம். வாய்க்காலை ஐந்து இடத்தில் பலகை அடித்து, புல்லோடு வெட்டிய மண்கட்டி வைத்து அடைத்தோம். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டம். தண்ணீர் வராவிட்டால் இன்னும் ஆழமாக வெட்டு என்றுதான் என் கைக்குத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாது.

7

அக்டோபரில் மழை பெய்து ஆல்பர்ட்டின் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அவர் சந்தோஷப்பட்டார். நான் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். தேநீர் நிறம், சப்பென்று ருசி. மேட்டில் பெய்து வழிந்த மழைத் தண்ணீர். "இது அது இல்லீங்க" என்றேன். ஆல்பர்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டார். மழை நின்றதும் தொட்டியும் நின்றது.

நவம்பர் முழுவதும் காலையில் எழுந்ததும் நான் மேலே ஏறுவேன். மூடுபனியில் நம் கொல்லிமலை இருக்கவேண்டிய திசையில் ஒரு மலையும் இருக்காது. அடைத்த இடத்தைச் சுற்றி நடப்பேன். செத்த பாசி, படுத்த கோரை. காலால் அழுத்தினால் முதலில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் செருப்பின் ஓரத்தில் ஈரம் சுரந்தது. இன்னொரு நாள் தரை, தூக்கத்தில் புரளுகிறவன் மாதிரி, லேசாக அசைந்தது. இல்லை, நான் அசைந்தேனோ?  ஒரு முறை பெரியண்ணன் என் பக்கத்தில் நின்று துண்டால் வாயைத் துடைப்பது போல இருந்தது. பனி விலகினால் ஆல்பர்ட்டின் ஆடு ஒன்று.

டிசம்பரில் கடும் பனி விழுந்தது. வேலிக்கம்பி, புல், மாட்டுச் சாணி எல்லாம் கல்லாகிவிட்டன. மழை விட்டுப் பல நாள். விடிந்து சூரியன் மேட்டில் ஏறும்போது கீழேயிருந்து ஆல்பர்ட் கூப்பிட்டார். அவர் சத்தம்போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பாவாயியும் சுமதியும் நானும் இறங்கி ஓடினோம்.

உலகமே உறைந்து கிடக்க, தொட்டியில் மட்டும் விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொட்டி ஆவி விட்டது. மாடுகள் சுற்றி நின்று ஆவிக்குள் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. நான் ஒரு வாய் அள்ளினேன். கண்ணாடி மாதிரி தெளிவு. நாக்கில் சுண்ணாம்பு. எருமப்பட்டி.

"அதுதானுங்களா?" என்றார் ஆல்பர்ட்.

"அதேதானுங்க."

அவர் தகர வாளியை நிரப்பினார். மாட்டுக்கு என்று நினைத்தேன். என் எதிரில் வந்து நின்று, என் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி என் மகள் கையில் கொடுத்துவிட்டு, வாளியை உயர்த்தி முழுதும் என் தலையில் ஊற்றினார்.

அந்தக் குளிரைப் பற்றி எழுத எனக்குப் படிப்பு போதாது. ஆனால் நான் ஒரு சத்தமும் போடவில்லை, சுமதி சாட்சி. பாவாயிதான், "ஐயோ, சளி புடிச்சுக்குமுங்க" என்று முந்தானையால் துடைத்தாள். ஆல்பர்ட் ரொம்ப மரியாதையாக, "மொறையாச் செஞ்சனுங்களா?" என்று கேட்டார். வெட்டினதற்காக வாங்கிய குடங்களை எண்ணி முடியாது என்று அவரிடம் அளந்தேன் அல்லவா? மூடினதற்காக வாங்கினது இது ஒன்றுதான்.

நேற்று அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர் படுத்துக் கிடந்தது சரியாக நான் வெட்டிய இடத்தின் மேல். மற்ற இடத்தைவிட அங்கேதான் ஒட்டுப்பூண்டு நெருக்கமாக முளைத்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒருவருக்கும் ஏன் என்று தெரியவில்லை.

ஆல்பர்ட் கைத்தடியோடு வேலியோரம் வந்து, குப்புறக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சாமி, இவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாளி ஊத்தட்டுமுங்களா?"

சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுங்க" என்றேன். "இவங்க யாரும் இன்னும் ஒண்ணையும் மூடல."